மதுரைப் புதுமண்டபமும் அது கண்ட மாறுதல்களும்



சமயநல்லூரில் வாழும் நமக்கு மதுரை அயலூர் அன்று. மணவினைக்குக் கூறை எடுக்கவும், பாத்திரம் கொள்ளவும், பிள்ளைகட்குப் புத்தகம் வாங்கவும் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகச் சென்று வந்த நகரம் அது. அங்ஙனம் சென்றோருள், மீனாட்சியம்மை திருக்கோயிலின் கீழைக் கோபுரத்திற்கு எதிரே, வீதிக்கு அப்பால் நிற்கும் புதுமண்டபத்துள் அடி வையாது திரும்பியவர் மிகச் சிலரே ஆவர். ஆயினும், ‘புதுமண்டபத்திற்குப் போய் வந்தேன்’ என்று நாம் கூறியபோதெல்லாம், தையற்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் போய் வந்தோம் என்பதே பொருளாயிருந்தது. அரியதொரு மண்டபத்தைக் கண்டு வந்தோம் என்று ஒருவரும் கருதியதில்லை.

நம் சங்கத்தின் சென்ற பொதுக்கூட்டத்தில், சங்கக் கட்டடத்தின் கூடத்தைக் கடைகளுக்கு வாடகைக்கு விடுவதா, பொதுக்கூடமாகவே வைத்துக்கொள்வதா என்பது குறித்து நெடுநேரம் வாதம் நிகழ்ந்ததை அன்பர்கள் அறிவர். வருவாய் வேண்டும் என்றார் ஒரு சாரார். கூடம் வேண்டும் என்றார் மற்றொரு சாரார். அன்று யான் வாய் திறக்கவில்லை. நம் வாதத்தை நமக்கு முன்னரே நடத்தி முடித்த கட்டடம் ஒன்று பத்துக் கல் தொலைவிற்குள் இருக்கின்றதே என்னும் நினைவு அப்பொழுது எழுந்தது. அந்நினைவே இக்கட்டுரையாயிற்று.

மண்டபம் எழுந்த வரலாறு

மதுரையை 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் கட்டிய வசந்த மண்டபமே புதுமண்டபம் எனப்படுவது. திருச்சிராப்பள்ளியிலிருந்த தலைநகரை மதுரைக்கு மாற்றிக்கொண்டவர் அவர். தம்மைப் பற்றியிருந்த நோய் அங்கயற்கண்ணி அருளால் நீங்கியதாகக் கருதி, அந்நன்றியினால் மதுரையில் தங்கித் திருப்பணிகள் பல இயற்றினார் என்பது செவிவழிச் செய்தி. மண்டபம் அவர் ஆட்சியின் முற்பகுதியில் தொடங்கப்பெற்று முற்றுப்பெற்றது.

வைகாசி மாதத்து வெயிலின் கொடுமையை மதுரையார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அம்மாதத்தில் அம்மையும் அப்பனும் திருக்கோயிலினின்றும் எழுந்தருளிப் பத்து நாட்கள் குளிர்ந்த இடத்தில் வீற்றிருந்து அடியார்க்குக் காட்சி கொடுக்கும் விழாவே வசந்த விழா. அவ்விழாவிற்கென்றே இம்மண்டபம் வகுக்கப்பெற்றது. நீளம் ஏறக்குறைய 330 அடி. அகலம் ஏறக்குறைய 105 அடி. நான்கு வரிசையாகத் தூண்கள் நிற்க, நடுவே அகன்ற நடையும் இருமருங்கிலும் பக்க நடைகளும் அமைந்துள்ளன. மண்டபத்தைச் சுற்றி அகழி போன்றதொரு நீரோடை அமைத்து, அதில் நீர் நிரப்பி, உள்ளே வீசும் காற்றைக் குளிரச் செய்தனர். மேலைப் பகுதியில் கருங்கல்லால் இயன்ற சிறு மண்டபம் ஒன்று உண்டு. சுவாமி எழுந்தருளும் இடம் அதுவே.

தூண்களிற் செதுக்கிய உருவங்களோ பல. கயிலையைப் பெயர்க்க முயன்ற இராவணன், ஊர்த்துவ தாண்டவர், அவரெதிரே காளி, மீனாட்சி திருக்கல்யாணக் கோலம் ஆகியவை காண்பாரைப் பிணிக்கும் இயல்பின. திருவிளையாடற் புராணம் கற்ற பிள்ளைகள், கல்லானை கரும்பு தின்றதனையும், பன்றிக்குட்டிகட்கு இறைவன் தாயாகி முலை கொடுத்ததனையும் இங்கே கல்லிற் கண்டு மகிழலாம். நடு நடையின் தூண்களில், விசுவநாத நாயக்கர் முதலாகத் திருமலை நாயக்கர் ஈறாக மதுரை நாயக்கர் பதின்மரின் உருவங்கள் ஏறத்தாழ ஆளளவில் நிற்கின்றன. ஓர் அரச மரபு தன் முன்னோரை நிரலே நிறுத்தி, விழாக் காண வரும் குடிகட்குக் காட்டிய இடம் என்று இதனைக் கொள்ளலாம்.

மண்டபத்தின் கீழ்ப்புறத்தே, அதே மன்னர் தொடங்கி முடிவு பெறாது நின்ற இராயகோபுரத்தின் அடிப்பகுதி இருக்கின்றது. முடிந்த மண்டபமும் முடியாத கோபுரமும் அடுத்தடுத்து நிற்பது, எத்துணைப் பெரிய அரசர்க்கும் காலம் அளவிட்டே கொடுக்கப்படுகின்றது என்பதனை உணர்த்தும்.

நம் ஊர்ப்புறத்தோடு இவ்வரசர்க்குள்ள தொடர்பு

சமயநல்லூரை அடுத்துள்ள தேனூரை அறியாதார் நம்முள் இலர். அழகர் முன்னாளில் தேனூர்ப் பக்கத்து வைகையிலேயே இறங்கி மண்டூக முனிவர்க்குச் சாபம் தீர்த்தருளினார் என்றும், திருமலை நாயக்கரே அவ்விழாவை மதுரைக்கு மாற்றினார் என்றும் பெரியோர் கூறுவர். மாசியில் நடந்து வந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சித்திரைக்குக் கொணர்ந்து, சைவர் விழாவையும் வைணவர் விழாவையும் ஒன்றாய்ப் பிணைத்தவரும் அவரே என்ப. வண்டியூர்ப் பக்கத்தே முனிவர்க்கு அருள் செய்யும் இடம் இன்றும் ‘தேனூர் மண்டபம்’ என்றே வழங்குகின்றது. விழா இடம்பெயர்ந்தும் ஊர்ப்பெயர் அதனை விட்டு நீங்காதது கருதத்தக்கது. ஒரு விழாவையோ ஒரு தொழிலையோ ஓரிடத்தினின்று வேறோரிடத்திற்கு மாற்றுங்கால், பழைய இடத்தாரின் உரிமையைப் பெயரளவிலேனும் போற்றுதல் வேண்டும் என்னும் நெறியை இதிற் காண்கின்றேன். இந்நெறி பின்னர் நமக்குப் பயன்படும்.

விழா மண்டபம் அங்காடியானது

நாயக்கர் ஆட்சி 1736-இல் முடிந்தது. அதன்பின் மதுரை படையெடுப்புகளாலும் கைமாற்றங்களாலும் அலைப்புண்டு, 1801-இல் கும்பினியார் ஆட்சிக்கு முற்றிலும் உட்பட்டது. அந்நாட்களிலும் மண்டபத்தின் புகழ் குன்றவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுரையிலிருந்த ஆதம் பிளாக்கடர் என்னும் ஆங்கில மருத்துவர் இதன் தூண்களைக் கண்டு வியந்து, அவற்றைப் போன்ற சிறு வடிவங்களை வெண்கலத்தில் வார்ப்பித்துத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றார். அவை இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1792-இல் மதுரைக்கு வந்த தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஓவியரிருவரும் இந்நகரத்துக் கட்டடங்களைத் தம் ஓவியங்களால் மேனாட்டார்க்கு அறிமுகம் செய்தனர்.

அரசர் துணை நீங்கியபின், வருவாய் நாடிய கோயில்கள் தம் மண்டபங்களை வாணிகர்க்கு வாடகைக்கு விடுதல் தமிழ்நாட்டில் பலவிடத்தும் நிகழ்ந்ததே. கோயிலுக்கு வருவோர் திரளும் இடம், வெயிலும் மழையும் புகாத இடம், நகரின் நடுவிடம். இம்மூன்றும் ஒருங்கே வாய்த்த புதுமண்டபம் அங்காடியாக மாறியதில் வியப்பில்லை. தூணுக்குத் தூண் பலகை அடைத்துக் கடைகள் எழுந்தன. பித்தளைப் பாத்திரம், வளையல், குங்குமம், விளையாட்டுப் பொருள், பூசைக்குரியவை, புத்தகம், தையல் எனத் தனித்தனி வரிசைகள் அமைந்தன.

தமிழ் பயின்றவன் என்னும் முறையில், புத்தகக் கடைகளைப் பற்றி ஒரு சொல் கூறாது மேற்செல்ல என் மனம் ஒப்பவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மானை, கும்மி, நாடகம், கதைப்பாட்டு முதலியவற்றை மலிவு விலைக்கு அச்சிட்டு நாட்டுப்புறமெங்கும் பரப்பியவருள் மதுரை இ. ராம. குருசாமிக் கோனார் குறிக்கத்தக்கவர். அத்தகைய நூல்கள் பலவற்றின் முகப்பில் புதுமண்டபம் என்னும் முகவரி அச்சாகியிருக்கும். கல்லூரியின் வாயிலை மிதித்தறியாத உழவரும் தொழிலாளரும் வாங்கிச் சென்று, விளக்கொளியில் ஒருவர் படிக்கப் பலர் கேட்ட நூல்கள் அவை. அரசன் கல்லிற் செதுக்குவித்த கதைகள் விழா நாளில் வந்தோர்க்கே காட்சியாயின. அக்கல்லின் நிழலில் விற்ற காகிதக் கதைகளோ வீடுதேடிச் சென்றன. அங்காடி மண்டபத்தின் பெருமையைக் கெடுத்தது என்று மட்டும் கூறுவார்க்கு இஃது ஒரு விடையாகும்.

யான் கண்ட தையற்கடை

யான் சிறுவனாயிருந்த காலத்து என் தம்பிக்கு நெடுநாள் காய்ச்சல் கண்டு தெளிந்தது. அவனுக்கு அழகர் வேடம் இடுவதாக எந்தையார் நேர்ந்துகொண்டார். பங்குனிக் கடைசியில் எங்களிருவரையும் அழைத்துக்கொண்டு பேருந்தேறி மதுரைக்குச் சென்று, புதுமண்டபத்துத் தையற்கடை ஒன்றில் நிறுத்தினார். சல்லடமும், தலைக்கு உருமாலும், நீர் பீய்ச்சும் தோப்பரையும் ஆங்காங்கே தொங்கின. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகத் துணிகள் மலைபோற் குவிந்திருந்தன. சித்திரைத் திருவிழாவிற்கு வேடமிடுவோர் உடையெல்லாம் பெரும்பாலும் அம்மண்டபத்திலேயே தைக்கப்பட்டன.

அளவெடுத்தவர் ஓர் இசுலாமியப் பெரியவர். அங்கிருந்த தையற்காரருள் இசுலாமியர் பலர். அவர் என் தம்பியை ஒரு முக்காலியில் ஏற்றி நிறுத்தி, இடுப்பளவு பார்த்துக்கொண்டே, “அண்ணே, பிள்ளை வளர்ற வயசு, அடுத்த வருசமும் போடணும்ல, கொஞ்சம் மடிச்சு விட்டுத் தைக்கிறேன்” என்றார். எந்தையார், “மூணு வருச நேர்த்தி பாய், அப்படியே செய்யுங்க” என்று விடையிறுத்தார். வேறு பேச்சு நிகழவில்லை. ஒருவர் நேர்த்திக்கடனை மற்றொருவர் தம் கடனாகவே ஏற்றுக்கொண்ட அந்த எளிமையை இன்று எண்ணுந்தோறும் என் நெஞ்சு நெகிழ்கின்றது.

ஆயினும் அன்று மற்றொன்றும் கண்டேன். கடையின் பின்புறத்துத் தூணிற் கைகூப்பி நின்ற நாயக்க மன்னர் ஒருவரின் தோளில், தைத்து முடித்த சட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன. முகம் தெரியவில்லை, கூப்பிய கைகளின் நுனி மட்டும் துணிகளுக்கிடையே தெரிந்தது. ‘இவர் யார்?’ என்று யான் வினவ, எந்தையார் துணியைச் சற்றே விலக்கிப் பார்த்துவிட்டு, ‘யாரோ ராசா’ என்றார். விழாவை நம் பக்கத்துத் தேனூரினின்று மதுரைக்குக் கொண்டுசென்றதாகக் கூறப்படும் மன்னர் கட்டிய மண்டபத்தில், அவ்விழாவிற்குரிய உடைக்கே அளவு கொடுத்து நின்ற எங்களுக்கு, அவர் மரபினர் ‘யாரோ ராசா’ ஆயினர். அங்காடியால் நாம் இழந்தது இதுவே.

தீயும் தீர்ப்பும்

இழப்பு அறிவளவில் நில்லாது கல்லளவிலும் சென்றது. பலகையும் ஆணியும் தூண்களை அணைந்தன. புகையும் எண்ணெயும் சிற்பங்களிற் படிந்தன. மின்கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. துணியும் காகிதமும் நிறைந்த இடத்தில் ஒரு பொறி போதும் என்னும் அச்சம் அறிஞர் பலர்க்கு இருந்தது. அவ்வச்சம் 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் இரவு மெய்யாயிற்று. தீப்பற்றியது புதுமண்டபத்தில் அன்று. வீதிக்கு இப்பால், திருக்கோயிலின் கீழைக் கோபுரத்தையொட்டிய வீரவசந்தராயர் மண்டபத்தில். அங்கிருந்த கடைகள் எரிந்தன. வெப்பத்தால் கல் வெடித்துக் கூரை சரிந்தது. நூற்றாண்டுகளின் உழைப்பு ஓரிரவிற் கெட்டது.

அதன்பின் கோயில்களுக்குள் கடைகள் இருத்தலாகாது என்னும் கருத்து வலுப்பெற்றது. புதுமண்டபத்துக் கடைகளையும் மாற்றுவதென முடிவாயிற்று. வழக்குகள் நடந்தன, தவணைகள் கேட்கப்பட்டன. மாநகராட்சி, அருகிலிருந்த குன்னத்தூர்ச் சத்திரத்தின் இடத்தில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின்கீழ் புதியதொரு வணிக வளாகம் எழுப்பிற்று. 2020-களின் தொடக்கத்தில் கடைக்காரர் அவ்விடம் பெயர்ந்தனர். பலகைகள் நீங்கின, மறைந்திருந்த தூண்கள் வெளிப்பட்டன, மண்டபத்தைப் பழைய நிலைக்குக் கொணரும் திருப்பணி மேற்கொள்ளப்பட்டது.

இருதிறத்தையும் எடைபோடுதல்

கடைகள் அகன்றது நன்றே என்பது என் துணிபு. எரிந்த கல்லை மீட்டும் பெறுதல் அரிது. கடையையோ வேறிடத்தில் வைத்தல் கூடும். ஆயினும், ‘ஆக்கிரமித்திருந்தோர் ஒழிந்தனர்’ என்று சிலர் மகிழ்ந்து பேசக் கேட்டபோது என் மனம் வருந்திற்று. அவர்கள் இரவில் வந்து புகுந்தவர் அல்லர். வாடகை செலுத்தித் தலைமுறையாகத் தொழில் புரிந்தவர். அதனினும் மேலாக, மக்கள் அடிவைக்கும் இடமாக அம்மண்டபத்தைக் காத்தவர். இதனை இரண்டு சான்றுகளால் விளக்குவேன்.

மதுரை மதனகோபால சுவாமி கோயிலைச் சார்ந்த 16-ஆம் நூற்றாண்டு மண்டபத்தின் தூண்கள், கோயில் வளாகத்திற் குவியலாகக் கிடந்தன. 1912-இல் மதுரைக்கு வந்த அடலின் பெப்பர் கிப்சன் என்னும் அமெரிக்கப் பெண்மணி அவற்றை விலைக்குக் கொண்டு கப்பலேற்றிச் சென்றார். அவர் மறைந்தபின் அவை பிலடெல்பியா நகரத்து அருங்காட்சியகத்திற்கு உரியவாகி, ஆங்கே ஒரு மண்டபமாக நிறுத்தப்பெற்றுள்ளன. அக்கற்களை ஆண்டு பயன்கொள்வார் ஒருவரும் இலராயினமையின், ‘எங்கே கொண்டு செல்கின்றீர்?’ என்று தடுப்பாரும் இலராயினர்.

மற்றொரு சான்று, 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மகால். அதன் பெரும்பகுதி அழிந்து நாற்கூற்றில் ஒரு கூறே எஞ்சியது. சென்னைக் கவர்னராயிருந்த நேப்பியர் பிரபு 1866-க்கும் 1872-க்கும் இடையே அதனைப் பழுதுபார்த்தார். பின்னர் 1970 வரை அங்கே நீதிமன்றம் நடைபெற்றது. வழக்காடுவோரும் எழுத்தரும் நாள்தோறும் உலவியமையால், ஒழுகிய கூரையைக் கவனிக்க ஒருவர் இருந்தனர். ஆதலின், பயன்படாத கட்டடம் பகைவரின்றியே அழியும் என்பதும், பயன்படுங் கட்டடம் பழுதுபட்டேனும் நிலைக்கும் என்பதும் பெறப்படும்.

எனவே, புதுமண்டபத்திற்கு இனி நேரக்கூடிய தீங்கு கடையன்று, பூட்டே ஆகும். கடைகளை நீக்கியபின் மக்களையும் நீக்கி, கம்பிக்கதவு அடைத்து, வௌவாலுக்கு விட்டுவிடின், திருப்பணி வீணாம். வைகாசியில் வசந்த விழா, ஏனை நாட்களில் பள்ளிப் பிள்ளைகள் சிற்பங்காணும் வாய்ப்பு, இசைக்கும் சொற்பொழிவிற்கும் இடம் என்றிவ்வாறு அது மக்கட்கூடமாக விளங்குதல் வேண்டும். அப்பொழுதுதான் இன்னொரு சிறுவன் ‘இவர் யார்?’ என்று வினவுங்கால், அவன் தந்தையார் பெயர் சொல்லி விடையளிப்பார். அங்காடி இருந்த காலத்தின் நினைவும் அங்கே போற்றப்படுதல் தகும். விழா நீங்கியும் தேனூர்ப் பெயர் ஒரு மண்டபத்திற்கு நின்றதுபோல, தையற்காரரும் புத்தகக்காரரும் இங்கே வாழ்ந்தனர் என்னும் செய்தி ஒரு கல்வெட்டிலேனும் நிற்குமாயின், நன்றி மறவாதவர் ஆவோம்.

நம் சங்கக் கூடத்திற்கு இதன் படிப்பினை

இனி நம் வாதத்திற்கு வருவோம். வருவாய் வேண்டும் என்றாரும் பிழை கூறினார் அல்லர். கூடம் வேண்டும் என்றாரும் பிழை கூறினார் அல்லர். புதுமண்டபம் இரு சாரார்க்கும் கூறும் அறிவுரை நான்கு.

முதலாவது, கடை வைப்பின் வெளிமுகப்பில் வைக்க. கூடத்தின் உள்ளே ஒரு பலகையும் புகவிடற்க. தூணை மறைத்த பலகையைப் பெயர்க்கத் தலைமுறைகள் பல கழியும். இரண்டாவது, வாடகைக்கு வருவோரிடம் காலவரையறையும் நிபந்தனையும் முன்னரே எழுத்தில் தெளிவாகக் கொள்க; அவரை மாற்ற நேரின், மாற்றிடமும் தவணையும் கொடுத்தே மாற்றுக. மூன்றாவது, ஒரு நாளும் கூடத்தைப் பூட்டி வையற்க. மணவினை இல்லாத நாட்களில் மாலைப் பள்ளியோ, படிப்பகமோ, பெண்மக்கட்குத் தையற் பயிற்சியோ அங்கே நிகழ்தல் வேண்டும்.

நான்காவது, சொல்லச் சிலர்க்குக் கசக்கக்கூடியது. ஆயினும் சொல்லாது விடின் ஆசிரியன் என்னும் பெயர்க்கு யான் தகுதியுடையேன் அல்லேன். நம் கூடம் நமக்கு மட்டுமே உரியது என்று கருதுவோமாயின், நம் தலைமுறையோடு அதுவும் முடியும். நாயக்க மன்னர் கட்டிய மண்டபத்தை இத்தனை நூற்றாண்டு உயிரோடு வைத்திருந்தவர் அம்மன்னர் மரபினர் அல்லர். பல குலத்தாரும் பல சமயத்தாருமான மக்களே ஆவர். என் தம்பியின் அழகர் வேடத்தைத் தைத்த கைகள் எக்குலத்தன என்று அழகர் வினவவில்லை. நம் அண்டை வீட்டார் எவர்க்கும் நம் கூடத்தின் கதவு திறந்திருக்குமாயின், அவர்களே அதன் காவலராவர்.

அடுத்த பொதுக்கூட்டத்திற்கு முன் அன்பர்கள் ஒரு முறை மதுரைக்குச் சென்று, மக்களோடும் பிள்ளைகளோடும் புதுமண்டபத்தைக் கண்டு வருக. திரும்பும் வழியில் குன்னத்தூர்ச் சத்திரத்து வளாகத்திற்கும் சென்று, அங்குப் பெயர்ந்த கடையொன்றில் ஒரு பொருளேனும் வாங்கி வருக. இரண்டிடத்திற்கும் நாம் கடன்பட்டவர்கள். கண்டு வந்தபின் கூடத்தைப் பற்றி முடிவு செய்வோம்.